விசிறி ஓடாத விறாந்தை

வாருங்கள், செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு மெல்ல உள்ளே வாருங்கள். கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டு விறாந்தை இது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்தவர்களின் கமக்கார அமைப்பொன்றில் நீண்டகாலம் செயலாளராக இருந்து காலமான ஐயா ஒருவர் சேர்த்துவைத்த கடதாசிகள் இங்கே பட்டியலுக்குத் தயாராகின்றன. எந்த ஆவணப் பட்டியலிலும் நம் கண் நிற்காமல் தாண்டிப்போகும் இரண்டு வரிகள் உண்டு. எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, எப்படி அடுக்கியிருக்கிறது என்பது மற்றது. அவை பிறக்கும் இடத்தைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

முதலில் முகத்தில் அறைவது வெக்கை. தலைக்கு மேலே மின்விசிறி தொங்குகிறது, கரண்டும் இருக்கிறது, ஆனால் விசிறி ஓடவில்லை. “ஃபானைப் போட்டா அறுபத்தெட்டாம் ஆண்டு பக்கத்து வளவுக்குப் பறந்திடும்,” என்று மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு தங்கச்சி சொல்ல, விறாந்தை முழுக்கச் சிரிப்பு. அதே மூச்சில் நாலைந்து தும்மல். நிலத்தில் பாய், பாயின்மேல் கோவைகள், கொப்பிகள், சணல் கயிற்றுக் கட்டுகள். கறள் பிடித்த கிளிப்புகளுக்கென்று ஒரு பால்மா ரின். கடதாசிக்குப் பக்கத்தில் தேத்தண்ணி வரவே கூடாது என்பது சட்டம். அதனால் பிளேன்ரீ குடிக்க எல்லாரும் முறைவைத்து முற்றத்துக்கு ஓடுகிறார்கள்.

அளவெடுக்கும் காட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோவைகளை ஒரு பலகைத் தட்டில் நிமிர்த்தி வரிசையாக நிறுத்துகிறார்கள். சரியாமலிருக்க இரண்டு பக்கமும் கடதாசி சுற்றிய செங்கல். பிறகு தையல்காரர் வைத்திருக்கும் அதே நாடா வருகிறது. பிடிக்கிற தம்பி கோவைகளை இறுக்கி நெருக்க, மூத்த அக்கா அதட்டுகிறார். “அமத்தாதையடா! அதுகள் மூச்சுவிட இடம் விட்டு அள.” தாள்களை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் கோவைகள் எவ்வளவு நீளம் பிடிக்கின்றன என்பதுதான் கணக்கு. ஒளிப்படங்களும் சுருட்டிய வாய்க்கால் வரைபடங்களும் மட்டும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. படத்தில் ஒன்று குறைந்தாலும் யாராவது தேடுவார்கள் அல்லவா?

உலகமே ஏற்ற கணக்கு இது. அனைத்துலக ஆவணக் காப்பகப் பேரவை 1994இல் வெளியிட்டு 2000இல் திருத்திய விவரிப்பு நியமத்தில் 26 கூறுகள் இருக்கின்றன. அவற்றுள் நாடுவிட்டு நாடு தகவல் பரிமாறக் கட்டாயம் வேண்டியவை ஆறே ஆறு. குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், காலம், விவரிப்பு மட்டம் ஆகியவற்றோடு அளவும் அந்த ஆறில் ஒன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கொழும்பு, சென்னை, யகார்த்தா, கேப் டவுன், த ஹேக் ஆகிய நகரங்களில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 2.5 கோடிப் பக்கங்கள். த ஹேக்கில் இருப்பவற்றை மட்டும் வரிசையாக நிறுத்தினால் ஒரு கிலோமீற்றரைத் தாண்டும். அந்தக் கிலோமீற்றரும் இந்த விறாந்தையின் ஒற்றை மீற்றரும் ஒரே கோலால் அளக்கப்படுகின்றன. அதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சற்று இந்தப் பக்கம் திரும்புங்கள், இங்கே ஒரு வாக்குவாதம். ஓர் அண்ணை கடிதக் கட்டொன்றின் சணலை அவிழ்க்கப் போக, தங்கச்சி பாய்ந்து தடுக்கிறாள்.

“அண்ணை, அவிழ்க்காதேங்கோ!”

“ஏன் பிள்ளை? ஆண்டு வாரியா அடுக்கினா வாசிக்கிறவைக்குச் சுகம்தானே?”

“ஐயா வாய்க்கால் வாரியாத்தான் கட்டியிருக்கிறார். பாருங்கோ, இது இடதுகரை, அது வலதுகரை.”

எல்லாரும் குனிந்து பார்க்கிறோம். உண்மைதான்! சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தபோது எழுந்த முறைப்பாடு, அதற்கு வந்த பதில், கூட்டத்தில் எடுத்த முடிவு எல்லாம் அந்தந்த வாய்க்காலோடு சேர்ந்து கிடக்கின்றன. ஆண்டுப்படி பிரித்தால் ஒவ்வொரு பிணக்கும் துண்டுதுண்டாகிவிடும். ஐயா எப்படி யோசித்தார் என்பது அந்தக் கயிற்றின் முடிச்சில் இருக்கிறது. அண்ணை தலையாட்டிவிட்டு, “அடுக்கு: வாய்க்கால் வாரியாக, உருவாக்கியவரின் ஒழுங்கில்,” என்று தானே எழுதுகிறார்.

அடுத்த கூத்து சின்னத் தம்பியால். யாழ்ப்பாணக் கச்சேரித் தலைப்போடு ஒரு கடிதக் குவியல் அகப்பட, “இது யாழ்ப்பாணத்துச் சாமான், வேற பெட்டிக்கை போடுவம்,” என்று தூக்கிவிட்டான். அக்கா இருத்தி விளக்குகிறார். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதற்கு முன் இந்த வயல்காரர் யாழ்ப்பாணக் கச்சேரிக்குத்தான் எழுதினார்கள், பதிலும் அங்கிருந்துதான் வந்தது. கடிதத் தலைப்பில் எந்த ஊர் இருந்தாலும் அது சேர வேண்டியது இந்தக் கட்டில்தான். தம்பி கவனமாக எடுத்த இடத்திலேயே வைக்கிறான். மாவட்ட எல்லை மாறிய கதை அவனுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கிவிட்டது.

வடைத்தட்டோடு வீட்டு அம்மா வருகிறார். மூலையிலிருக்கும் றங்குப்பெட்டியைத் தொட்டுச் சொல்கிறார்: “இடம்பெயரேக்கை என்ர சீலையெல்லாத்தையும் வெளியில எடுத்துப்போட்டிட்டு இதுகளை அடுக்கினவர். அப்ப எனக்கு வந்த கோவம்!” சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். 2008இன் கடைசியில், போர்க்கால இடப்பெயர்வில், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித் தருமபுரம், விசுவமடு என்று போன பெட்டி அது. அடித்தகடு கறளேறி உதிர்கிறது. கூட்டக் குறிப்புக் கொப்பிகளில் ஐயா தன் கையாலேயே இலக்கம் இட்டிருக்கிறார். ஒன்று, இரண்டு, அடுத்தது நான்கு. மூன்றாவது வழியில் எங்கோ போய்விட்டது. நான்கை மூன்றாக்கி வரிசையை அழகாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. “3ஆம் கொப்பி இல்லை” என்றே எழுதுகிறார்கள். இருப்பதைச் சரியாக அளந்து சொன்னால்தான், போனது எவ்வளவு என்றும் ஒருநாள் யாராவது கேட்க முடியும்.

பின்னேரம் வரி முழுமையாகிறது. தங்கச்சி உரக்க வாசிக்கிறாள்: “அளவு: 1.1 மீற்றர், 3 பெட்டிகள். 64 ஒளிப்படங்கள். 5 வரைபடங்கள்.” கைதட்டல்! எத்தனை தும்மலும் எத்தனை வாக்குவாதமும் அதற்குள் இருக்கின்றன என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தால் ஈழத்து நூல்களும் இதழ்களும் இன்று தொலைபேசியிலேயே திறக்கின்றன. அது பெரும் பேறு. ஆனால் திரையில் கலியாணக் கார்டும் மேசை நிறையும் வரைபடமும் ஒரே அளவாகத்தான் தெரியும். கட்டின் பருமனும் முடிச்சின் ஒழுங்கும் படத்தில் வராது. ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு அவற்றைச் சொல்லக்கூடியவை இந்த இரண்டு வரிகள்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு றங்குப்பெட்டி இருக்கிறதா? கயிற்றை அவிழ்க்க முன் கிடந்தபடியே ஒரு படம் எடுங்கள். நாடாவால் அளந்து, எத்தனை கட்டு, எந்த ஒழுங்கில் என்று ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். அந்த ஒரு தாளோடு உங்கள் வீட்டுப் பட்டியல் தொடங்கிவிட்டது.