அப்பா சொல்ல, நான் எழுதிய நோட்டு

பெங்களூரில் அந்தச் சாலைக்கு ஓசூர் ரோடு என்று பெயர். ஓசூர்க்காரர்களுக்கு அது ஆஸ்பத்திரி ரோடு. காலை ஆறு மணிக்கு ஓசூர் பஸ் நிலையத்தில் ஏறினால், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இளைஞர்களுக்கு நடுவே எக்ஸ்ரே கவரை மடியில் வைத்தபடி சிலர் உட்கார்ந்திருப்பார்கள். அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி பொம்மசந்திராவில் இதய நோய்க்காரர்கள் இறங்குவார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் அடையாள அட்டைகள் இறங்கிவிடும். சில்க் போர்டு தாண்டியும் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் நிம்ஹான்ஸுக்கோ கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறவராக இருக்கலாம். நானும் அப்பாவும் பதினான்கு மாதம் அந்த பஸ்ஸில் போய்வந்தோம்.

அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. நான் கதை எழுதுகிறவன். இரண்டு கதைகள் அச்சில் வந்திருந்தன. மூன்றாவது பாதியில் கிடந்தது. அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த வாரம் அந்தப் பாதியை மூடி வைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். டோக்கன் நம்பர் கூப்பிடும் இடத்தில் ஒரு வாக்கியம்கூட முடியாது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த மொழிக்காரரானாலும் அங்கே எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு எண்ணுக்காக.

நம்பர் போடு

கடைசி ஐந்து மாதம் வலிக்கு மார்ஃபின் மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. வலி வந்தபின் விழுங்குவதல்ல, வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார். மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஒரு மார்க் போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள், அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார் என்றார்.

அப்பா நோட்டு ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளுக்கு எழுதி வைக்கிற லாக் புக் மாதிரியே இருந்தது. ‘6.00 – மாத்திரை. வலி 4. கஞ்சி அரை டம்ளர்.’ ‘10.00 – மாத்திரை. வலி 3. வாந்தி இல்லை.’ பக்கம் பக்கமாக இப்படி. ஒரு நாள் கை நடுங்கி 7 என்ற எண் 1 மாதிரி விழுந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார். “நீ எழுதுப்பா, நான் சொல்றேன்.”

முதல் நாள் நான் ‘வலி அதிகம்’ என்று எழுதினேன். படிக்கச் சொன்னார், படித்தேன். “அதிகம்னா எவ்வளவு? நம்பர் போடு” என்றார். எட்டு என்று போட்டேன். “எட்டு இல்ல, ஏழு. எட்டு நேத்து ராத்திரி.”

எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு அன்று கிடைத்த திருத்தம் அது.

கு.ப.ரா.வுக்குக் கை கொடுத்தவர்

அந்த நாட்களில்தான் சிறுகதை எழுத்தாளர் கு.ப.ராஜகோபாலனின் வாழ்க்கை எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. 1902-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். எங்கள் ஓசூர்த் தெருவில் பல வீடுகளைப் போல அவர் வீட்டிலும் பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ். பள்ளிப் படிப்பு முடிந்த சமயத்தில் தந்தை போய்விட்டார். பிறகு மேலூரில் அரசு வேலை. முப்பது வயதைத் தாண்டியதும் கண்புரை. பார்வை மங்கி வேலையை விட்டார். சிகிச்சைக்குப் பிறகு பார்வை ஓரளவு திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள்.

கு.ப.ரா. எழுத்தையே நம்பி வாழ்ந்து, வறுமையில் உழன்று, 1944 ஏப்ரலில், கால்களில் ரத்த ஓட்டம் நின்று தசை அழுகும் நோயால் 42 வயதில் இறந்தார். அவருடைய மன உறுதியை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அண்ணன் ஒரு வாக்கியத்தை மாற்றினால் அடித்துவிட்டு மறுபடி எழுதிய தங்கையின் விரல் வலியை யாரும் கணக்கெடுக்கவில்லை. சேது அம்மாள் பின்னாளில் தானும் சிறுகதை எழுத்தாளராகப் பெயர் பெற்றார். சொல்வதைக் கேட்டு எழுதுவதும் ஒரு பயிற்சிதான் என்று அவரை நினைத்து நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். எங்கள் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ பத்திரிகையை நடத்தியபோது அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. அதே கல்கி 1954 டிசம்பர் 5 அன்று காசநோயால் காலமானபோது ‘அமரதாரா’ நாவல் முடியாமல் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளைக் கொண்டு அதை முடித்தவர் மகள் ஆனந்தி. அப்பா போன வீட்டில் அப்பாவின் கதாபாத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து அவர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்க அவர் இல்லை. துக்கத்தில் இது ஒரு தனி வகை.

நோய் வந்த வீட்டில் எழுத்து நின்றுவிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். அது சில சமயம் கை மாறுகிறது. வாங்கிக்கொள்கிற கைக்குச் சொந்த எழுத்து கொஞ்ச காலம் இருக்காது. என் மூன்றாவது கதை ஒன்றரை வருடம் தூசி தின்றது. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்ட இரவுகள் உண்டு. இப்போது திட்டுவதில்லை.

கால் மணி நேரம்

எழுதினால் நோய் தீருமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தீராது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாட்கள், தினம் கால் மணி நேரம், தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் சிறிய அளவில்தான் தெரிந்தது. சிலருக்குத் தெரியவே இல்லை. ஆகவே இதை மருந்து என்று விற்க வேண்டாம். கவனித்துக்கொள்ளும் ஆளுக்குக் கிடைப்பதே கால் மணி நேரம்தான் என்பதால், அந்த அளவு எனக்குப் பிடித்திருந்தது. பத்து மணி மாத்திரைக்கும் அப்பா கண் அயர்வதற்கும் இடையில் அது கிடைக்கும். நான் கதை எழுதவில்லை. அன்றைக்கு அப்பா சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

எழுத்துக்கு நேரம் வேண்டும் என்றால், நோயாளியைத் தூக்க, துடைக்க, மாத்திரை வாங்க இன்னொரு ஆள் வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வீடு தேடி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது. கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வீட்டில் தீராத நோய்க்காரர் இருந்தால் முதலில் இவற்றை விசாரியுங்கள். பேனாவைப் பிறகு எடுக்கலாம்.

அப்பா ஒரு வியாழக்கிழமை விடியற்காலை போனார். நோட்டில் கடைசி வரி என் கையெழுத்தில்: ‘2.00 – மாத்திரை. வலி 2.’ ஆறு மணிக்கு எழுத எதுவும் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு நாள். தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். எங்கேயாவது குறித்து வையுங்கள், அடுத்த முறை பார்க்கணும் என்றார். நான் செல்போனை எடுத்தேன். அம்மா உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“இதுலயே எழுது. பாதி நோட்டு வீணாத்தானே கிடக்கு.”

அப்பா போட்டு வைத்திருந்த கோட்டுக்குள் தேதியை எழுதினேன். அம்மா கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்த்தாள்.

“என்ன போட்டே? நம்பரைப் படி.”

படித்தேன்.