முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குப் பாரம் ஏற்றும் முறையைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைகளை முன்புறம் மிகுதியாக அடுக்கினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்புறம் மிகுதியாக அடுக்கினால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்னதை முன்பாரம் என்றும், பின்னதைப் பின்பாரம் என்றும் வண்டிக்காரர் சொல்வர். ஒரு மூட்டையை ஒரு முழம் நகர்த்தி வைத்தே வண்டியைச் சமன் செய்துவிடுவர். இன்று அந்த வண்டிக்காரரின் பேரன் சிறு டிராக்டரின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். முன்பாரமும் பின்பாரமும் அங்கும் உண்டு. ஆனால் முன்கூட்டித் தலையை அசைத்து எச்சரிக்கும் மாடுகள் அங்கே இல்லை.

பெங்களூரில் வாழும் நம்மவரிடையே இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுள் சிலர் ஆனேக்கல், மாலூர், தொட்டபள்ளாபுரம் பக்கங்களில் இரண்டு மூன்று ஏக்கர் நிலம் வாங்கிப் பயிர் செய்கின்றனர். திராட்சைப் பந்தல்களின் இடையிலும், முசுக்கொட்டை வரிசைகளின் இடையிலும், மாந்தோப்பிலும் பெரிய டிராக்டர் நுழையாது. ஆகவே சிறு டிராக்டரை நாடுகின்றனர். அதை ஓட்டுபவரும் பல இடங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த தமிழரே.

இவ்வகை யந்திரத்துக்கும் பெங்களூர்த் தமிழருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. வி. எஸ். திருவேங்கடசுவாமி முதலியார் 1911-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய வணிக நிறுவனத்தின் வழியில், 1967-இல் வி.எஸ்.டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ் என்னும் தொழிற்சாலை எழுந்தது. ஜப்பானிய மித்சுபிஷி நிறுவனத்தின் தொழில் நுட்பத் துணையுடன், நடந்துகொண்டே ஓட்டும் பவர் டில்லரை அது முதலில் செய்தது. பின்னர் வந்ததே ‘சக்தி’ என்னும் பெயருடைய 18.5 குதிரைத் திறன் சிறு டிராக்டர். இன்று வேறு பல நிறுவனங்களும் இவ்வளவினதாகிய டிராக்டர்களைச் செய்கின்றன. நாம் கூறப் போவது எல்லாவற்றுக்கும் பொதுவானது.

வாங்கிய சில மாதங்களில் உடையவருக்கு இரண்டு ஆசைகள் பிறக்கும். முன்புறம் மண் அள்ளும் லோடர் வாளியை மாட்டி எருவையும் மண்ணையும் வாரிக் கொட்ட வேண்டும் என்பது ஒன்று. பின்புறம் கொக்கி வைத்து டிரெய்லர் இழுக்க வேண்டும் என்பது மற்றொன்று. வாளியை மாட்டியதும் பின்சக்கரம் தூக்குகிறது. உடனே அருகிலுள்ள வெல்டிங் பட்டறைக்குச் சென்று பின்புறம் ஒரு பாரப்பெட்டி செய்துகொள்கின்றனர். ‘வந்தது வந்தோம், அந்தப் பெட்டியின் முதுகிலேயே கொக்கியையும் வைத்துவிடுங்கள்’ என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுகின்றனர். ஒரே செலவில் இரண்டு வேலை முடிந்ததாகத் தோன்றும். அந்த ஒட்டு வேலையில்தான் உயிருக்கு ஆபத்து ஒளிந்திருக்கிறது.

கணக்கை எளிதாகப் பார்க்கலாம். பழைய மளிகைக் கடைகளில் தொங்கிய தூக்குக்கோலை நினைவு கூர்க. கொக்கியில் தொங்கும் பெரிய மூட்டையை, நீண்ட கோலின் ஓரத்துக்குத் தள்ளிய சிறு குண்டு சமன் செய்துவிடும். எடையை மட்டும் பாராமல், அது தாங்குமுனையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதே இதன் சூத்திரம். கிணற்றடி ஏற்றமும் அதே சூத்திரத்தில்தான் இறைத்தது.

எடுத்துக்காட்டாக, 800 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரைக் கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 140 சென்டிமீட்டர். சமதரையில் முன்சக்கரங்கள் 320 கிலோவும், பின்சக்கரங்கள் 480 கிலோவும் தாங்குகின்றன. வாளியும் மண்ணும் சேர்ந்து 210 கிலோ. அது முன்னச்சுக்கு 100 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. இப்போது முன்னச்சே தாங்குமுனை. பின்சக்கரங்கள் மீதிருந்த பாரத்தில் 150 கிலோ எழும்பிப் போகும். பின்னால் எஞ்சுவது 330, முன்னால் 680. முன்னச்சு திணறுகிறது, பின்சக்கரம் பிடிப்பு இழக்கிறது. சரிவில் இறங்கினாலோ, வாளியை உயர்த்திக்கொண்டு திரும்பினாலோ வண்டி தலைகுப்புறவோ பக்கவாட்டிலோ சாயும்.

இதற்கு மாற்றாகப் பின்னச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் 240 கிலோ எடையைத் தொங்கவிடுவோம். பின்சக்கரங்களுக்கு 360 கிலோ கூடும். முன்சக்கரங்களில் 120 கிலோ குறையும். 240 கிலோவை வைத்து 360 கிலோவைப் பெறுவது மாயமன்று. அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்ததன் பலன் அது. முன்னே 560, பின்னே 690 என்று வண்டி சமநிலைக்கு வந்துவிடும். ஆகவே வாளி வேலைக்குப் பின்பாரம் அவசியம் என்பதில் ஐயமில்லை.

அந்த எடையை எவ்வாறு செய்வது? பலரும் நாடுவது கான்கிரீட். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடையுள்ளது. அதாவது 100 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியை நிரப்பினால் 240 கிலோ ஆகும். கைக்கு அகப்படுகிறதே என்று எண்ணெய்க் கடைப் பீப்பாய் ஒன்றை, 200 லிட்டரையும், கழுத்து வரை நிரப்பிவிடுவோர் உண்டு. அஃது 480 கிலோ. சிறு டிராக்டரின் தூக்கு கரங்கள் அதனைத் தூக்கினாலும் முன்சக்கரம் தரையில் நிற்பதற்கு எஞ்சுவது சொற்பமே. பீப்பாயைப் பாதியளவு நிரப்பினாலே போதும். வாளியை நிரப்பிப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்வதே நன்று. கலவையை ஊற்றிய பின் குறைக்க வழியில்லை.

பாரம் சேர்க்க இன்னொரு வழி, பின்சக்கரங்களிலேயே சேர்ப்பது. வார்ப்பிரும்பு வட்டுகளைச் சக்கரத்தில் முடுக்கலாம். அல்லது டயரின் டியூபில் தண்ணீர் நிரப்பலாம். வால்வை மேலே நிறுத்தி அதன் மட்டம் வரை, அதாவது ஏறத்தாழ முக்கால் பங்கு நிரப்புவது வழக்கம். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாதிருக்க உப்புக் கரைசல் சேர்ப்பர். பெங்களூருக்கு அது வேண்டுவதில்லை. பஞ்சர் ஒட்டுபவர் முணுமுணுப்பார் என்பது உண்மை. ஆயினும் இந்தப் பாரம் அச்சுக்கு நேராக நிற்பதால் முன்சக்கரத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. வாளி வேலைக்குத் தொங்கும் எடை சிறந்தது. இழுவை வேலைக்குச் சக்கரத்தில் சேர்த்த எடையே தக்கது.

இனி இழுவைக்கு வருவோம். ‘டிராபார்’ என்று வழங்குவதை நாம் இழுசட்டம் என்று மொழிபெயர்ப்போம். பட்டறையில் போய் ‘இழுசட்டம்’ என்று கேட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரும். பெயர் எதுவாயினும், அது பின்னச்சின் மட்டத்துக்குக் கீழே தாழ்வாக வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அன்று. பின்னால் உள்ள சுமை எவ்வளவு உயரத்திலிருந்து டிராக்டரைப் பற்றி இழுக்கிறதோ, அவ்வளவுக்கு அது வண்டியின் முகத்தை மேலே தூக்கும்.

இதனை உலகம் விலை கொடுத்துக் கற்றது. அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1917-இல் வெளியிட்ட போர்ட்சன் என்னும் மலிவான டிராக்டர் உழவுத் தொழிலையே மாற்றியது. அதே வேளையில், கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கியபோது முன்சக்கரம் எழுந்து பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கியதால் அதற்குக் கெட்ட பெயரும் வந்தது. சிக்கிய சக்கரம் சுழல மறுக்கும்போது, எஞ்சின் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றிச் சுழற்றிவிடுகிறது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் இதனை ஆராய்ந்து, கலப்பையைக் கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று கரங்களால் டிராக்டரோடு பிணைக்கும் அமைப்பைக் கண்டார். கலப்பை சிக்கினால் மேற்கரம் டிராக்டரை முன்னோக்கித் தள்ளி, முகம் எழும்பாமல் தடுக்கும். 1938-இல் போர்டும் பெர்குசனும் கைகுலுக்கி உடன்பாடு செய்தனர். மறு ஆண்டே அவ்வமைப்புடைய டிராக்டர் வெளிவந்தது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாபே நிறுவனத்தின் வழியாக மாசி பெர்குசன் டிராக்டர்கள் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்தபோது உடன் வந்ததும் அதே அமைப்புதான். இன்று சிறு டிராக்டரின் பின்புறம் நாம் காணும் மூன்று கரங்களும் அவையே.

ஆனால் பெர்குசனின் காவல், அம்மூன்று கரங்களிலும் பூட்டிய கலப்பைக்கு மட்டுமே உரியது. மேற்கரம் பூட்டும் இடத்தில் ஒரு சங்கிலியை மாட்டிச் சுமையை இழுத்தால், காவலே எமனாகிவிடும். பெங்களூரைச் சுற்றியும் கோலார் மாவட்டத்திலும் தைலமரத் தோப்புகள் மிகுதி. புதிதாகத் தைலமரம் நடுவதைக் கர்நாடக அரசு 2017-இல் தடை செய்தது. வெட்டிய தோப்பின் அடிக்கட்டைகளைப் பிடுங்குவதற்குச் சிறு டிராக்டரையும் சங்கிலியையும் கொண்டு முயல்வது எளிதில் தோன்றும் யோசனை. அடிக்கட்டை நகராது, கிளட்சைச் சட்டென்று விட்டால் நகர்வது டிராக்டரின் முகம்தான். அது மீள முடியாத நிலையை எய்த ஒரு நொடி போதும். ஓட்டுநரின் கால் கிளட்சைத் தேடி எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அடிக்கட்டைக்கு மண்வெட்டியும் கடப்பாரையும், வசதியிருந்தால் ஜே.சி.பி. யந்திரமும் போதும்.

இப்போது பழைய கணக்கையும் புதிய கணக்கையும் சேர்ப்போம். வாளியைக் கழற்றிவிட்டு, பாரப்பெட்டியைக் கழற்றாமல் டிரெய்லர் இழுக்கிறார் ஒருவர். முன்சக்கரத்தில் இருந்த 320 கிலோவில் பெட்டி 120 கிலோவை ஏற்கெனவே எடுத்துவிட்டது, எஞ்சியது 200. மேட்டில் டிரெய்லர் 400 கிலோ விசையுடன் பின்னிழுப்பதாகக் கொள்வோம். கொக்கி தரையிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 100 கிலோ போகும்; மீதம் 100 கிலோ. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும் என்பது டிராக்டர் வல்லுநர் கொள்ளும் அளவு. இங்கே பத்தில் ஒரு பங்கும் இல்லை. கொக்கியோ பாரப்பெட்டியின் முதுகில், 84 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், 240 கிலோ குறைய வேண்டும், இருப்பதோ 200. முன்சக்கரம் ஆகாயத்தில் நிற்கும்.

பெட்டி இல்லாதிருந்தால், இவ்வளவு இழுவைக்குப் பின்சக்கரம் பெரும்பாலும் வழுக்கிச் சுழன்றே நின்றுவிடும். அந்த வழுக்கலை நாம் குறையாக எண்ணுகிறோம்; உண்மையில் அது சிறு வண்டிக்கு வாய்த்த இயற்கைக் காவல். பின்பாரம் பிடிப்பைக் கூட்டி அக்காவலை நீக்கிவிடுகிறது.

பெட்டியில் கொக்கி வைப்பதில் வேறொரு கோளாறும் உண்டு. தூக்கு கரங்கள் மேலே தூக்க வல்லனவே அன்றிக் கீழே அழுத்திப் பிடிப்பவை அல்ல. பள்ளத்தில் டிரெய்லர் தள்ளினால் பெட்டியோடு கொக்கியும் எழும்பும், பக்கவாட்டிலும் ஆடும். எவரேனும் தவறுதலாக நெம்புகோலைத் தொட்டால் கொக்கியின் உயரமே மாறிவிடும். ஆகவே பெட்டியைச் செய்யும்போதே அதன் அடிப்பாகத்தில் இழுசட்டத்துக்கு இடைவெளி விட்டு, டிரெய்லரைக் கம்பெனி வைத்த இழுசட்டத்திலேயே பூட்டுமாறு அமைக்கச் சொல்ல வேண்டும். பெட்டிக் கொக்கி வைத்தே தீர வேண்டுமானால், களத்துக்குள் காலி டிரெய்லரை நடை வேகத்தில் இடம் மாற்றுவதற்கு மட்டும், பெட்டியைத் தாழ இறக்கிக்கொண்டு பயன்படுத்தலாம். பின்னச்சுக் கூட்டின் மீது நேரடியாகக் கொக்கியை வெல்டிங் செய்வது எக்காரணத்தாலும் கூடாது. கூடு வார்ப்பிரும்பு, வெடித்துவிடும்.

டிரெய்லரிலும் இரு வகை உண்டு. நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கும். இரு சக்கர டிரெய்லரோ பாரத்தின் ஒரு பங்கைக் கொக்கியின் மீது சாய்க்கும், அதுவும் பின்பாரமே. அதில் மூட்டைகளை அச்சுக்கு நேராக அடுக்க வேண்டும் என்பதைப் பழைய வண்டிக்காரரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளிக் குறுக்கே மடக்கிவிடும். எனவே சாலையில் ஏறுமுன் இடது வலது பிரேக் மிதிகளைத் தாழ்ப்பாளால் இணைத்துக்கொண்டு, மேட்டில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

ஆசனத்தின் பின்னே வளைந்து நிற்கும் இரும்புச் சட்டத்தைச் சிலர், பந்தலுக்குள் நுழையத் தடையாயிருக்கிறதென்று கழற்றி வைக்கின்றனர். சுவீடன் நாடு 1959-இலேயே புதிய டிராக்டர்கள் அனைத்துக்கும் அச்சட்டத்தைக் கட்டாயமாக்கியது. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநருக்கு உயிர்தப்ப ஓர் இடைவெளியைக் காத்துத் தருவது அதுவே. மடக்கக்கூடிய சட்டமானால் பந்தலில் மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்துக. சட்டம் நிமிர்ந்திருக்கும்போது ஆசனப் பட்டையையும் கட்டிக்கொள்ள வேண்டும்.

தம் வண்டியின் எடை முன்னும் பின்னும் எவ்வளவு, தூக்கு கரம் எவ்வளவு தூக்கும், இழுசட்டத்தின் உயரம் எவ்வளவு என்பவற்றை அறிய விரும்புவோர் அவ்வண்டியின் சோதனை அறிக்கையைப் பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில், 1955-இல் டிராக்டர் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய மத்திய அரசு நிலையம் இத்தகைய சோதனைகளை நடத்தி அறிக்கை வெளியிடுகிறது. பெங்களூரில் உள்ளவர்களுக்கு அருகிலேயே, 1964-இல் நிறுவப்பெற்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகம் இருக்கிறது, அங்கு நடைபெறும் கிருஷி மேளாவில் பலவகைச் சிறு டிராக்டர்களை ஒரே இடத்தில் பார்த்து, கையில் ஓர் அளவுநாடாவுடன் இழுசட்டத்தின் உயரத்தையும் அச்சுகளின் இடைவெளியையும் தாமே அளந்து வரலாம். கன்னடத்தில் விளக்குவார்கள், தமிழிலும் பதில் சொல்லக்கூடியவர் அருகில் ஒருவர் பெரும்பாலும் இருப்பார்.