சீமையைச் சுற்றிப் பார்க்கக் கார் எதற்கு?



"துரை சீமைக்குப் போயிருக்கிறார்", "இது சீமைச் சாமான்" என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சீமைக்கு, முப்பத்தோரு ஆண்டுகள் பால் மரம் வெட்டிய ஒரு மூதாட்டி 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் போய் வந்தார். அவர் வேறு யாருமல்லர், என் மாமியார்தாம்.

என் நாத்தனார் வட இங்கிலாந்தில் யார்க் நகருக்கு அருகே தாதியாக வேலை செய்கிறாள். ஆறு ஆண்டுகளாக ஊருக்கு வர அவளுக்கு வசதிப்படவில்லை. "கண்ணை மூடுறதுக்குள்ள அவளை ஒரு தடவை பார்த்துடணும்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு ஆண்டுகள் கூட்டு கட்டினோம். பள்ளி விடுமுறையில் போவதென்று முடிவாயிற்று.

உடனே உறவினர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம், "லண்டனை விட்டு வெளியே போனால் காடி இல்லாமல் ஒன்றும் நடக்காது மச்சான்!" என்று அடித்துச் சொன்னார். வாடகைக் காரின் விலையை விசாரித்தோம். ஐந்து பேரும் பைகளும் கொள்ளும் வண்டி, காப்புறுதி, பெட்ரோல், நிறுத்துமிடக் கட்டணம் என்று கூட்டிப் பார்த்தபோது, அத்தையை விட்டுவிட்டுப் போனால்தான் கணக்கு சரிக்கட்டும் என்று தெரிந்தது! யாருக்காகப் போகிறோமோ அவரையே விட்டுவிட்டா போவது?

நான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். காரில்லாமல் போய் வந்தோம். அந்தக் கணக்கைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாட்டைச் சுற்றாதீர்கள், ஊரைத் தேர்ந்தெடுங்கள்

பலர் செய்யும் முதல் தவறு, ஒரே வாரத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றையும் பார்த்துவிட நினைப்பது. அப்படி ஓடினால் கார் வேண்டும்தான். ரயில் நிலையம் நடுவில் இருக்கும் ஓர் ஊரில் தங்கி, அங்கிருந்து நாளுக்கு ஓரிடமாகப் போய்த் திரும்பினால் கார் தேவையே இல்லை. நாங்கள் யார்க்கில் நான்கு இரவும் லிவர்பூலில் மூன்று இரவும் தங்கினோம்.

லண்டனில் இறங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சிங்கப்பூர், டோஹா, துபாய் வழியாக மான்செஸ்டருக்கு விமானம் உண்டு. அந்த விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து யார்க்குக்கு நேர் ரயிலிலேயே போகலாம்.

புறப்படுவதற்கு முன் ஒரு முக்கியமான வேலை. 2025 ஜனவரி 8 முதல், மலேசியர்கள் பிரிட்டனுக்குச் சுற்றுலா போக மின்னியல் பயண அனுமதி பெற வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி தேவை. முதலில் 10 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்டாக உயர்ந்தது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்திலோ கைத்தொலைபேசிச் செயலியிலோ நாமே விண்ணப்பிக்கலாம். "நான் எடுத்துத் தருகிறேன்" என்று கூடுதல் பணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம்.

அந்நாட்டுப் பள்ளிகளுக்கு மே மாதக் கடைசியில் ஒரு வாரமும், ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியவும் விடுமுறை. அந்த நாட்களில் அறைகளின் விலை ஏறிவிடும். முடிந்தால் அவற்றைத் தவிர்த்து நாள் குறியுங்கள்.

பணத்தை மிச்சப்படுத்தும் சின்ன அட்டை

பிரிட்டனில் ரயில் கட்டணம் அதிகம் என்பது உண்மை. நிலையத்துக்குப் போய் நின்று கொண்டு சீட்டு வாங்குபவருக்குத்தான் அது முழு உண்மை! முன்கூட்டித் திட்டமிடுவோருக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, குடும்ப ரயில் அட்டை. 'ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரெயில்கார்ட்' என்று கேட்க வேண்டும். 2025 மார்ச் முதல் இதன் விலை 35 பவுண்டு, ஓராண்டு செல்லும். ஓர் அட்டையில் நான்கு பெரியவர்களும் 5 முதல் 15 வயது வரையுள்ள நான்கு பிள்ளைகளும் பயணம் செய்யலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளின் கட்டணத்தில் 60 விழுக்காடும் கழிவு. பிள்ளை ஒன்றாவது கூட வந்தால்தான் கழிவு கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வழிக்குப் பெரியவர் ஒருவருக்கு 30 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெரியவர்களுக்கு 90. அட்டை இருந்தால் 60. பிள்ளைகளின் கழிவையும் சேர்த்தால், அட்டைக்குக் கொடுத்த பணம் முதல் பயணத்திலேயே திரும்பிவிடும்!

இரண்டாவது, முன்பதிவுச் சீட்டு. பெரும்பாலும் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே மலிவு விலைச் சீட்டுகள் விற்பனைக்கு வரும். ஆனால் எந்த ரயிலுக்கு வாங்கினோமோ அதில்தான் ஏற வேண்டும். ஆகவே விமானம் இறங்கும் நாளுக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். விமானம் தாமதமானால் சீட்டு வீணாகும். அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறக்கூடிய சீட்டே நல்லது. ஊர் மாறும் பயணத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைக்காமலிருப்பதும் நலம். தண்டவாள வேலை பெரும்பாலும் அன்றுதான் நடக்கும். ரயிலுக்குப் பதில் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள்.

முழங்கால் வலியுள்ளவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? முன்கூட்டியே சொல்லிவைத்தால், ரயில் ஏற்றி இறக்க நிலையத்தில் ஆள் வந்து உதவுவார். அதற்குக் கட்டணம் கிடையாது. அத்தையை ஓர் அம்மையார் கைத்தாங்கலாக அழைத்துப் போய் இருக்கையில் அமர்த்தினார். "வெள்ளைக்காரங்க நமக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுறாங்கம்மா!" என்று அத்தை அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கல், சாப்பாடு

'யூத் ஹாஸ்டல்' என்ற பெயரைப் பார்த்து இளைஞருக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பல விடுதிகளில் குடும்ப அறையும், நாமே சமைத்துக்கொள்ளப் பொதுச் சமையலறையும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இறைச்சியும் பால் பொருள்களும் இங்கிருந்து கொண்டு போகக் கூடாது, சுங்கத்தில் பறித்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள் எல்லாம் அங்குள்ள பெரிய கடைகளிலேயே கிடைக்கும். காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிப் பழகிய நமக்கு இது ஒரு பெரிய காரியமா?

பைகளைப் பற்றி ஒரு சொல். ஆளுக்கு ஒரு பை, அதை அவரே தூக்கும்படி இருக்க வேண்டும். எல்லா நிலையத்திலும் மின்தூக்கி இருக்காது.

யார்க்: நடந்தே பார்க்கும் ஊர்

யார்க், கி.பி. 71இல் ரோமானியர் அமைத்த ஊர். பழைய கோட்டைச் சுவர் இன்றும் ஏறக்குறைய இரண்டு மைல் நீளத்துக்கு ஊரைச் சுற்றி நிற்கிறது. அதன் மேலேயே நடக்கலாம், கட்டணம் இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டித் தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி இயந்திரங்களில் உலகச் சாதனை படைத்த 'மல்லார்ட்' அங்கேதான் நிற்கிறது. என் மகன் அதைவிட்டு நகர மறுத்துவிட்டான்.

கடலோரம் ஒரு நாள்

என் நாத்தனாருக்கு ஒரே ஒரு நாள்தான் முழு விடுப்புக் கிடைத்தது. அன்று எல்லோருமாக விட்பி என்ற கடற்கரை ஊருக்குப் பஸ்ஸில் போனோம். இங்கிலாந்தில் பஸ்களுக்கு ஒரு நல்ல சட்டம் போட்டிருக்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்த பஸ்களில் ஒரு வழிப் பயணத்துக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2023இல் 2 பவுண்டாக வரையறுத்தார்கள். 2025 ஜனவரியில் அது 3 பவுண்டாயிற்று. யார்க்கிலிருந்து விட்பிக்குக் கோஸ்ட்லைனர் 840 எண் பஸ் போகிறது. சில நேரங்களில் மால்டனில் மாற வேண்டியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்தப் பயணம், 2018இல் பிரிட்டனின் மிக அழகான பஸ் பாதை என்று தேர்வு பெற்றது. மரமில்லாத பெரிய பெரிய மேட்டு நிலங்கள், எங்கு பார்த்தாலும் ஆடுகள், பிறகு திடீரென்று கடல்!

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அத்தை வெளியே அதிகம் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவர், போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே இருந்தார். காரில் போயிருந்தால் என் வீட்டுக்காரர் சாலையைப் பார்த்திருப்பார். நாத்தனார் வழி சொல்லிக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் போனதால் அந்த நாலைந்து மணி நேரம் தாய்க்கும் மகளுக்கும் கிடைத்தது.

விட்பியில் குன்றின் மேலுள்ள பழைய மாதா கோயிலுக்கு 199 படிகள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். அத்தை கீழே துறைமுகத்தில் மீன் படகுகளைப் பார்த்தபடி இருந்தார். உலகைச் சுற்றிய கேப்டன் குக், கப்பல் தொழில் பழகியது இந்த ஊரில்தான். அவர் பண்ணைக் கூலியாள் ஒருவரின் மகன். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறக்கவில்லை.

அன்று ஒரு தவறும் செய்தோம். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெயிலைப் பார்த்து இன்னும் நேரமிருக்கிறது என்று இருந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் தற்செயலாகப் பஸ் நிறுத்தத்தில் அட்டவணையைப் பார்த்தபோதுதான், கடைசிப் பஸ்ஸுக்குப் பத்தே நிமிடம் என்று தெரிந்தது! அத்தையை நடுவில் பிடித்துக்கொண்டு விரைந்தோம். நல்ல காலம், ஏறிவிட்டோம். எந்த ஊரில் இறங்கினாலும் திரும்பும் கடைசிப் பஸ்ஸின் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய பஸ்ஸிலேயே திரும்புங்கள்.

சவுக்காரத்துக்காக ஒரு கிராமம்

யார்க்கிலிருந்து லிவர்பூலுக்கும் நேர் ரயில்கள் உண்டு. அங்கிருந்து மெர்சி ஆற்றுக்கு அடியில் சுரங்க வழியாகச் செல்லும் ரயிலில் சிறிது நேரம் போனால் 'போர்ட் சன்லைட்' என்ற நிலையம் வரும். சன்லைட் சவுக்காரத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைச் செய்யும் தொழிலாளர்களுக்காக, வில்லியம் லீவர் என்ற முதலாளி 1888இல் கட்டத் தொடங்கிய கிராமம் இது. ஏறக்குறைய 900 வீடுகள். ஒன்றைப் போல் ஒன்று இல்லாதபடி வரிசை வரிசையாக அழகு வீடுகள்; முன்னால் புல்வெளி, பூச்செடி. 1922இல் திறந்த ஓவியக்கூடம் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் கட்டணமில்லை.

"தொழிலாளிக்கா இந்த வீடு!" என்று அத்தை வாய் பிளந்து நின்றார். நான் இன்னொன்றையும் சொன்னேன். அந்தச் சவுக்காரத்துக்குப் பனை எண்ணெய் வேண்டும். அதற்காக லீவர் ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் தொடங்கிய செம்பனைத் தோட்டங்களில் மக்களைக் கட்டாய வேலை வாங்கியதும் வரலாற்றில் இருக்கிறது. இங்குள்ள வீடுகளோ கம்பெனியில் வேலை செய்பவருக்கு மட்டுமே. 1980களில்தான் அவை விற்பனைக்கு வந்தன.

அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வேலை போனா வீடும் போயிடும். நம்ம லயம் மாதிரிதான். பூச்செடி மட்டும் கூட" என்றார். என் மகள் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகத்தில் நான் பல ஆண்டுகள் நடத்தியும் விளங்காத ஒன்று அவளுக்கு அன்று விளங்கியிருக்கும்.

முடிவாக

விமானச் சீட்டுதான் பெரிய செலவு. அதைக் குறைக்க என்னிடம் மந்திரம் இல்லை. அங்கே போன பிறகு ஆகும் செலவு நம் கையில் இருக்கிறது. இரண்டே ஊர், ஒரு ரயில் அட்டை, கட்டுச் சோறு, பஸ். இவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் பஸ்ஸுக்குக் காத்து நின்றும் நடந்தும் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் அங்கே நமக்குக் கை கொடுத்தது.

உங்கள் பிள்ளையோ உடன்பிறப்போ கடல் கடந்து இருக்கிறார்களா? "நம்மால் முடியுமா?" என்று தயங்கி நாளைத் தள்ளாதீர்கள். இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தில் கணக்கை எழுதத் தொடங்குங்கள். வீட்டுப் பெரியவரின் பெயரை அதில் முதலாவதாக எழுதுங்கள்.