பல் இடுக்கில் ஒரு தகடு

இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் சொத்தை விழுந்தால், பல்லின் பக்கச் சுவரே போய்விடும். அங்கே காம்போசிட் என்கிற பல் நிறப் பசையை அப்படியே அடைத்தால் பக்கத்துப் பல்லோடு ஒட்டிக்கும். அதனால் முதலில் மெல்லிய தகடு ஒன்றை நிறுத்துவார்கள். கான்கிரீட்டுக்கு சென்ட்ரிங் அடிக்கிற மாதிரிதான். இதுக்குப் பேர் மேட்ரிக்ஸ். கணக்கு சார் நடத்துற மேட்ரிக்ஸ் வேற!

ஈறுப் பக்கம் பசை பிதுங்காமலிருக்க ஒரு சின்ன ஆப்பு. பற்களை லேசாக விலக்கிப் பிடிக்க ஒரு வளையம். என்னைக் கேட்டால் வளையம்தான் முக்கியம். தகட்டை உருவினதும் அதன் கனத்துக்கு இடைவெளி விழுமில்லையா? வளையத்தைக் கழற்றியதும் பற்கள் பழைய இடத்துக்கு வந்து அதை மூடிவிடும். மூடாவிட்டால் சாப்பிடுறதெல்லாம் அங்கேயே மாட்டும்; ஈறு வீங்கும், அடுத்த பல்லும் கெடும்.

பசையைச் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, நீல ஒளி காட்டி இறுக்குவார்கள். கடைசியில் இடுக்கில் நூல் விட்டுப் பார்ப்பார்கள். 'டக்'கென்று இறுக்கமாக இறங்கணும். சும்மா வழுக்கிக்கொண்டு போனால், நாற்காலியை விட்டு இறங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.