இரவிலும் இறங்காத அழுத்தம்

"சுவாமி, போன கிளினிக்கிலை பிறசர் சரியாய் இருக்கெண்டு சொன்னவை. பிறகேன் குளிசை?" திருப்பலி முடிந்ததும் ஓர் ஐயா கேட்டார். இரண்டு கிழமையாக அவர் குளிசையைத் தொடவில்லை.

கிளினிக்கில் அளப்பது அந்நேரத்து அழுத்தத்தை மட்டுமே. அது சரியாக இருந்ததும் குளிசையின் பலனே. இரத்த அழுத்தம் விடியலில் ஏறும், பகலில் வேலைக்கும் கோபத்துக்கும் ஏற்ப மாறும், நித்திரையில் பகல் அளவிலிருந்து 10 முதல் 20 வீதம் வரை குறையும். பகல் முழுதும் தோட்டத்துக்கு இறைத்த இயந்திரத்தை இரவில் ஆறவிடுகிறோமல்லவா? இருதயத்துக்கும் அப்படித்தான். உயர் அழுத்தமுள்ள பலருக்கு இந்த இறக்கம் போதியளவு நிகழ்வதில்லை. பாரிசவாதமும் இருதய நோயும் இவர்களுக்கே கூடுதலாக வருகின்றன.

காலில் முள் ஏறினால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடாகும். இதுவே அழற்சி. இதுபோன்ற மெல்லிய அழற்சி, வலியின்றி இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நீடிக்கலாம். அப்போது குழாய்கள் இளகும் தன்மையை இழக்கின்றன. இரவில் அழுத்தம் இறங்காதவர்களின் இரத்தத்தில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. எது முந்தியது என்பது முடிவாகவில்லை.

அழற்சிதானே என்று கடையில் டைக்குளோபெனக், இபுபுறூபன் வாங்கி விழுங்காதீர்கள். இவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் கேடு.

உப்பைக் குறைத்தபோது சிலருக்கு இரவு இறக்கம் திரும்பியதை யப்பானிய வைத்தியர்கள் 1997இல் காட்டினார்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்கவேண்டும். கருவாட்டை விடு என்று சொல்வது எனக்குச் சுலபம். இடம்பெயர்ந்த வீட்டில் பல நாட்களில் கறியே அதுதான். நன்றாக ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிட்டாவது சமையுங்கள்.

குளிசையை இரவில் போட்டால் திறமோ என்றும் கேட்கிறார்கள். பிரித்தானியாவில் 21,000க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், காலையில் எடுத்தவர்களுக்கும் மாலையில் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பிலோ பாரிசவாதத்திலோ வேறுபாடில்லை. வைத்தியர் சொன்ன நேரத்தில் ஒழுங்காக எடுப்பதே காரியம்.

ஐயாவிடம் நித்திரையைப் பற்றிக் கேட்டேன். "நித்திரையோ சுவாமி? காணியை நினைச்சால் மூண்டு மணிக்கே முழிப்பு" என்றார். இரவில் மூச்சுத் தடைப்பட்டுக் குறட்டை விடுவதாக மனைவி சொன்னா. இரண்டையும் வைத்தியரிடம் சொல்லும்படி கேட்டு, அன்றே குளிசையைத் தொடங்கச் செய்தேன். அடுத்த கிளினிக்குக்கு மனைவியும் கூடப் போகிறா.