பிரேக் எடுத்துக்கொண்ட உயரம்

ரோலர் கோஸ்டர் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் கிடையாது. சங்கிலியொன்று வண்டியை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன் பிறகு பயணம் முழுவதையும் நடத்தி வைப்பது புவியீர்ப்பு விசைதான். பொருளியல் ஆசிரியனின் மொழியில் சொல்வதானால், உச்சியில் ஈட்டிய உயரமே அந்த வண்டியின் முதல். ஒவ்வொரு மேட்டிலும் வளைவிலும் உராய்விலும் காற்றின் எதிர்ப்பிலும் அந்த முதல் சிறிது சிறிதாகக் கரைகிறது. நடுவழியில் ஒரு பிரேக்கைப் பொருத்தினால், பயணி பணம் கொடுத்து வாங்கிய உயரத்தில் ஒரு பகுதி திருப்பி எடுத்துக் கொள்ளப்படுகிறது.

இந்த விளையாட்டுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இதனை 'ரஷிய மலைகள்' என்கின்றனர். ரஷியர்களோ 'அமெரிக்கக் குன்றுகள்' என்கின்றனர். ரஷியர்களின் பனிச்சறுக்கு மேடைகளில் பிறந்த இந்தக் கேளிக்கை, 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்க்கஸ் தாம்ப்சன் அமைத்த இருப்புப்பாதையின் மூலம் வணிகமாயிற்று. கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு சுமார் 10 கி.மீ. அதற்குப் பின் வந்த 'சீனிக் ரயில்வே' வண்டிகளில் பிரேக் பிடிப்பதற்கென்றே ஓர் ஊழியர் வண்டியோடு பயணம் செய்தார். ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர், தண்டவாளத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் சக்கரங்களுக்கு 1919-இல் காப்புரிமை பெற்றார். வண்டி மேலே எகிறிவிடும் என்ற அச்சம் நீங்கியதால் மேடுகள் செங்குத்தாயின, வேகம் கூடியது. வண்டியிலிருந்த பிரேக்கும் தண்டவாளத்துக்கு இடம் மாறியது.

தண்டவாளத்தில் உள்ள பிரேக்குகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வன அல்ல. ஒரே பாதையில் இரண்டு, மூன்று வண்டிகள் ஓடும்போது ஒன்றன்மீது ஒன்று மோதாமல் காப்பதற்குப் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னே சென்ற வண்டி ஒரு பகுதியைக் கடக்கும்வரை, பின்னே வரும் வண்டியை அந்தப் பகுதியின் வாயிலில் பிரேக் நிறுத்தி வைக்கும். ரயில்வேயின் சிக்னல் முறை போன்றதே இது. 2015 ஜூன் 2-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்ற கோஸ்டரில், சோதனைக்காக அனுப்பப்பட்ட காலி வண்டி பாதையின் நடுவே நின்றுவிட்டது. அதனை அறியாத ஊழியர்கள், கணினி விதித்த தடை பிழையானது என்று கருதி அதனை மீறி, 16 பயணிகள் அமர்ந்திருந்த வண்டியை விடுவித்தனர். மோதலில் இரண்டு இளம் பெண்கள் காலை இழந்தனர். பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு மறு ஆண்டு நீதிமன்றம் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. இவ்வகை பிரேக்கைக் குறைகூற எவருக்கும் இடமில்லை.

நமது கேள்வி மற்றொரு வகை பற்றியது. வண்டியை நிறுத்தாமல், வேகத்தை மட்டும் சிறிது குறைத்து அனுப்பும் பிரேக் அது. வடிவமைப்பிலேயே இடம்பெறுவதும் உண்டு; கோஸ்டர் திறக்கப்பட்டுப் பல காலம் ஓடிய பின்னர் சேர்க்கப்படுவதும் உண்டு. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. காலைக் குளிரில் மந்தமாக ஓடும் வண்டி, சக்கரங்களும் மசகெண்ணெயும் சூடேறிய மாலையில் விரைந்து ஓடும். ஆள் நிறைந்த வண்டி, காலி வண்டியைவிட வேகமாகச் செல்லும். இந்த ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்ய ஒரு கருவி வேண்டும். வளைவுகளில் தண்டவாளம் தாங்கும் விசை வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், வேகம் சற்றுக் குறைந்தாலும் தேய்மானம் கணிசமாகக் குறையும். மரத்தாலான கோஸ்டர்களில் இந்தச் செலவு பெரிது. ஓஹையோ மாநிலத்தில் 1979 முதல் ஓடும் 'தி பீஸ்ட்', சுமார் 2.2 கி.மீ. நீளத்துடன் மரக் கோஸ்டர்களில் உலகிலேயே நீளமானது. அதன் பாதையில் வேகம் தணிக்கும் பிரேக்குகள் இருப்பது அதன் ரசிகர்களின் நெடுநாளைய மனக்குறை.

இன்றைய பிரேக்குகளில் பல காந்த வகையைச் சேர்ந்தவை. வலிமையான காந்தங்களுக்கிடையே உலோகத் தகடு விரையும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, இயக்கத்தை எதிர்க்கிறது. தொடுதல் இல்லை, கிறீச்சிடும் ஓசை இல்லை. வேகம் மிகுந்தால் எதிர்ப்பும் மிகும். வேகம் தணிந்தால் எதிர்ப்பும் தணியும். பயணி உணர்வது, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாற்போன்ற ஒரு தயக்கத்தை மட்டுமே. முதன்முறை ஏறியவருக்கு அது பிரேக் என்றே தெரியாமல் போகலாம்.

அந்தத் தயக்கம் எதைப் பறிக்கிறது என்பதைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். ஒரு மேட்டின் உச்சி 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பகுதியாக வளைந்திருப்பதாகக் கொள்வோம். அங்கு வண்டி மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தில் சென்றால், பயணி தம் எடையை முற்றிலும் இழப்பார். வேகம் 58 கி.மீ. எனில், உடல் இருக்கையை விட்டு மேலெழும். 60 கிலோ எடையுள்ளவரை மடியின் மீதுள்ள கம்பி சுமார் 18 கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். கோஸ்டர் ரசிகர்கள் தேடி வருவது இந்தக் கணத்தைத்தான். உச்சிக்குச் சற்று முன்பாக ஒரு பிரேக்கைப் பொருத்தி, வேகத்தை 43 கி.மீ.-க்குக் குறைத்தால் என்ன ஆகும்? அதே பயணி இருக்கையில் சுமார் 16 கிலோ எடையுடன் அமர்ந்தே இருப்பார். பறத்தல் போய்விட்டது, எஞ்சியது, பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வயிற்றில் உண்டாகும் கூச்சம்.

இதே இழப்பை உயரமாக மாற்றிப் பார்த்தால், பிரேக் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 5.7 மீட்டர். அதாவது, முதல் மேடு இரண்டு மாடி அளவுக்குக் குட்டையாகக் கட்டப்பட்டது போன்ற நிலை. ஆனால், வண்டி அங்கிருந்து 20 மீட்டர் கீழே இறங்கியதும் அதன் வேகம் 92 கி.மீ.-க்குப் பதிலாக 83 கி.மீ. ஆக இருக்கும். உச்சியில் நான்கில் ஒரு பங்கு வேகம் போயிற்று. பள்ளத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. முதல் இறக்கத்தின் உச்சவேகமோ, பிரேக் அதற்குப் பின்னால் இருப்பதால், சிறிதும் மாறவில்லை. விளம்பரங்களில் இடம்பெறும் உயரம், நீளம், உச்சவேகம் ஆகிய மூன்று எண்களும் முன்பு இருந்தபடியே இருக்கும். மாறியது அந்த எண்கள் எதிலும் அகப்படாத ஒன்று.

வகுப்பில் இத்தகைய மறைவான விலையேற்றத்தை விளக்க நான் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் காட்டுவது வழக்கம். விலை அதேதான், உறையும் அதேதான். உள்ளே இருப்பது மட்டும் சில கிராம் குறைவு. பிஸ்கட் உறையிலாவது நிகர எடையை அச்சிட்டாக வேண்டும். கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டில் அப்படியோர் எண்ணுக்கு வழியில்லை. பராமரிப்பில் மிச்சமாகும் தொகை நிறுவனத்தின் கணக்கில் வரவாகிறது. அதற்கு ஈடான செலவு எவருடைய ஏட்டிலும் பதிவாவதில்லை.

பயணியின் உடல் தாங்கவில்லை என்பதே பிரேக்குக்குக் காரணமானால் என்ன செய்வது? இதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் கிங்ஸ் டொமினியன் பூங்காவில் 2010-இல் 'இன்டிமிடேட்டர் 305' என்ற பெயரில் ஒரு கோஸ்டர் திறக்கப்பட்டது. உயரம் 305 அடி, ஏறத்தாழ 93 மீட்டர். வேகம் மணிக்கு சுமார் 145 கி.மீ. முதல் இறக்கம் முடிந்தவுடன் வண்டி தரையை ஒட்டி ஒரு நீண்ட வளைவில் திரும்பும். அந்த வளைவில் மிகுந்த விசை தொடர்ந்து பல விநாடிகள் உடலைக் கீழ்நோக்கி அழுத்தியது. இரத்தம் கால்களை நோக்கி இறங்கியதால், பயணிகள் பலருக்குக் கண்முன் நிறங்கள் மங்கின. சிலர் கண நேரம் நினைவிழந்தனர். போர் விமானிகள் அறிந்த அனுபவம் இது. குடும்பத்துடன் விடுமுறை கழிக்க வந்தவர்களுக்கு உரியதன்று.

பூங்கா முதலில் செய்தது, முதல் இறக்கத்திலேயே பிரேக்குகளைச் சேர்த்ததுதான். மயக்கம் குறைந்தது. கூடவே, அந்த 93 மீட்டர் வீழ்ச்சியின் வீரியமும் பின்னால் வரும் மேடுகளின் வேகமும் குறைந்தன. பிழை இருந்தது ஒரு வளைவில். தண்டனை பயணம் முழுவதற்கும். பின்னர் அந்தக் குளிர்காலத்தில் வளைவையே பிரித்து, ஆரத்தைக் கூட்டி அமைத்தனர். 2011-இல் முதல் இறக்கத்தின் பிரேக்குகள் அகற்றப்பட்டன. எஃகுத் தண்டவாளத்தை மாற்றுவது பிரேக் பொருத்துவதைவிடச் செலவு மிக்கது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், பிழை இருந்த இடத்திலேயே அந்தச் செலவு செய்யப்பட்டது. ஓர் அவசர நிவாரணத்தையே நிரந்தரத் தீர்வாக்கிவிடும் சபலத்துக்கு ஆட்படாமல் இருந்ததற்காக அந்தப் பொறியாளர்களைப் பாராட்ட வேண்டும்.

வேகத்தைத் தடுப்பது எப்போதும் இன்பத்தைக் கெடுக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஆல்டன் டவர்ஸில் 1998-இல் திறக்கப்பட்ட 'ஒப்லிவியன்', செங்குத்தான வீழ்ச்சியின் விளிம்பில் வண்டியைச் சில விநாடிகள் நிறுத்தி வைக்கிறது. கீழே இருண்ட குழி. பயணிகள் குனிந்த நிலையில் அதனைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். விழும் நேரத்தைவிட விழப்போகும் நேரமே அங்கு நீளம். அந்த நிறுத்தம் தொடக்கத்திலேயே வரைபடத்தில் இருந்தது. வீழ்ச்சியிலிருந்து அது எதையும் கழிப்பதில்லை. (என் போன்ற அறுபதைக் கடந்தவர்களுக்கு, பாதை முழுவதும் பிரேக் இருந்தாலும் ஆட்சேபம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பவர்கள் நாங்கள் அல்லர்.)

மெல்போர்னின் லூனா பார்க்கில் 1912-இல் தொடங்கப்பட்ட 'சீனிக் ரயில்வே' வண்டியில், பிரேக் இயக்குபவர் பயணிகளுக்கு நடுவே நின்றபடியே பயணம் செய்வார். நெம்புகோல் அவர் கையில் இருக்கும். ஒவ்வோர் இறக்கத்திலும் எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எவ்வளவு பிடித்து வைப்பது என்பதை அவரே தீர்மானிப்பார். பின்னால் அமர்ந்திருப்பவர்கள், அவர் எந்த இடத்தில் பிடிக்கிறார் என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துக் கொள்ளலாம்.