இலையில் நஞ்சில்லை, தேங்கும் நீரில்தான் ஆபத்து!

தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போன அப்பா, திரும்பும்போது ஒரு பூந்தொட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறார். நடுவில் சிவப்பு நிறத்தில் தீக்கொழுந்துபோல் நிற்கும் புரோமீலியாட் செடி. வாசலில் நாய் வாலை ஆட்டுகிறது. உடனே வீட்டுக்குள் பட்டிமன்றம்! "நாய் கடித்துத் தின்றால் என்ன ஆகும்?" என்கிறார் அம்மா. "அழகுச் செடிதானே, ஒன்றும் ஆகாது" என்கிறார் அப்பா. யார் பக்கம் நியாயம்?

முதல் சுற்றில் வெற்றி அப்பாவுக்கே. புரோமீலியாட் அன்னாசிப் பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. வளம் வரும் என்று நம்பி, சீனப் புத்தாண்டுக்குச் சீனர்கள் 'ஓங் லாய்' என்று வாங்கி வைக்கும் அதே அன்னாசிதான். இக்குடும்பத்தின் பல வகைகளை நாய்களுக்கு நஞ்சற்றவை என்று அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம் பட்டியலிட்டுள்ளது. நிறைய இலை தின்றால் நாய் வாந்தி எடுக்கலாம். சில வகைகளின் இலை ஓரத்தில் முள் இருப்பதால் வாயில் கீறலாம். குஸ்மானியா வகைக்கு முள் கிடையாது. நாய் உள்ள வீட்டுக்கு அதுவே ஏற்றது.

குழிக்குள் என்ன?

ஆனால், அம்மாவின் பயத்திலும் நியாயம் உண்டு. புரோமீலியாட் இலைகள் சேரும் இடத்தில் கிண்ணம்போல் ஒரு குழி இருக்கும். நீர் தேங்குவது அங்கேதான். 20 காசு நாணய அளவு நீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட! சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000க்கும் அதிகமானோரை டெங்கி தாக்கியது.

கொசு நாயையும் விடுவதில்லை. கொசுக்கடி வழியே நாயின் உடலில் நுழையும் இதயப்புழு, சுமார் ஆறு மாதங்களில் வளர்ந்து, இதயத்திலும் நுரையீரல் இரத்தக்குழாய்களிலும் தங்கிவிடும். கவனிக்காவிட்டால் உயிருக்கே உலை வைக்கும்.

இன்னொன்றும் உண்டு. தாகம் எடுத்த நாய் அந்தக் குழி நீரை நக்கும். அதில் பூச்சிமருந்தோ உரமோ கலந்திருந்தால்? செடியில் இல்லாத நஞ்சை மனிதன் ஊற்றி வைத்ததாகிவிடும்.

என்ன செய்யலாம்?

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொட்டியைச் சாய்த்துக் குழி நீரைக் கொட்டி, நன்றாக அலச வேண்டும். தட்டில் தேங்கும் நீரையும் ஊற்றிவிட வேண்டும். மண்ணுக்கு மட்டும் நீர் விட்டாலும் செடி வாழும். குழிக்குள் இரசாயன மருந்து தெளிக்கவே கூடாது. நத்தைக்கு வைக்கும் மருந்து உருண்டை நாய்க்குக் கொடிய நஞ்சு. இதயப்புழுத் தடுப்பு மருந்து பற்றி விலங்கு மருத்துவரிடம் கேட்பது நல்லது.

உண்மையில் பயப்பட வேண்டிய செடிகள் வேறு. மணிபிளாண்ட் இலையைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். சைக்கஸ் எனப்படும் சேகோ பனையின் விதை கல்லீரலைக் கெடுக்கும். சாமிக்குச் சாத்தும் அரளியோ இதயத்தையே தாக்கும். இவற்றில் எதையேனும் நாய் தின்றது தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல், செடியின் ஒரு துண்டோடு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஆக, தீர்ப்பு இதுதான்: செடியும் இருக்கலாம், நாயும் இருக்கலாம். தேங்கிய நீர் மட்டும் இருக்கக் கூடாது!